மாதம் 17,700 ரூபாய்க்கு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம்: ஆறு மாத அனுபவம்

எங்கள் சேலைக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஆறு மாதம் நடத்திய விளம்பர ஏஜென்சிக்கு என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5க்கு 2. அந்த 2 எதற்கு என்பது பின்னால் வரும்.

ஏஜென்சியின் பெயரை எழுதப்போவதில்லை. இதே பேக்கேஜை இதே வார்த்தைகளில் விற்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த நாலு கடைக்காரர்கள் வேறு வேறு ஆட்களிடம் கொடுத்து ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் ஒரு பெயரைச் சொல்வதைவிட, என்ன கொடுத்தார்கள், எங்கே சறுக்கியது, அதில் என் முட்டாள்தனம் எவ்வளவு என்று எழுதினால் யாருக்காவது உதவும்.

மதுரையில் தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் கடை. 10க்கு 12 அடி. சுங்குடிச் சேலை மட்டும்தான். மாமா ஆரம்பித்த கடை. அவருக்கு முட்டி வலி வந்த பிறகு நானும் அத்தையும் பார்த்துக்கொள்கிறோம். முடிச்சுப் போட்டுத் தருகிறவர்கள் கைத்தறி நகர்ப் பக்கம் இருக்கிற சௌராஷ்டிரப் பெண்கள். துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரித்தால் கட்டு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பகுதி அச்சு. அதையும் நாங்கள் விற்கிறோம், 450 ரூபாயிலிருந்து. அச்சு என்று சொல்லித்தான் விற்கிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

பக்கத்துச் சந்துக் கடைக்கு இன்ஸ்டாகிராமில் 40 ஆயிரம் ஃபாலோயர். எங்களுக்கு என் மகள் காலேஜ் முதல் வருஷத்தில் ஆரம்பித்துக் கொடுத்த பக்கத்தில் 800 சொச்சம். அந்தப் பொறாமைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. 2024 மே கடைசியில் இரண்டு தம்பிகள் லேப்டாப்போடு கடைக்கு வந்தார்கள். மாதம் 12 போஸ்டர், 4 ரீல்ஸ், கமெண்டுக்குப் பதில் போடுவது, மூன்று மாதத்தில் 10,000 ஃபாலோயர் 'கியாரண்டி'. மாதம் 15,000, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 17,700. ஆறு மாத ஒப்பந்தம். கூட்டிப் பாருங்கள், 1,06,200 ரூபாய். அத்தை மட்டும் கேட்டார்: "பத்தாயிரம் பேரைக் கூட்டிட்டு வர்றேங்கிறாங்களே, சேலை வாங்குற பத்தாயிரம் பேரா?" நான்தான், "உங்களுக்கு இதெல்லாம் புரியாது அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு போட்டோகிராஃபர் வந்தார். கடைக்குள் எடுக்கவே இல்லை. சேலைகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், காலை வெயில் ஏறுவதற்குள், வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் கட்டி அதன் நிழலில் வைத்து 40 சேலை எடுத்தார். நேரில் இருக்கிற நிறம் அப்படியே படத்தில் இருந்தது. எங்கள் தொழிலில் பாதிச் சண்டை இதில்தான் வரும். 'போட்டோவில் அரக்கு, வந்தது மெரூன்' என்று பார்சலைத் திருப்பி அனுப்புவார்கள். கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே நான் எடுத்த படத்தில் மாம்பழ மஞ்சள்கூட எலுமிச்சை மாதிரி தெரியும். அந்த 40 படங்களை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். கொடுத்த 2 மதிப்பெண்ணில் ஒன்றரை அந்த மனிதருக்கு. மீதி அரை, பில்லையும் ரசீதையும் மாதம் தவறாமல் ஒழுங்காக அனுப்பியதற்கு.

இரண்டாவது மாதம் ஒரு போஸ்டர் போட்டார்கள். 'மதுரையின் பெருமை' என்று பெரிதாகத் தலைப்பு. அதில் 'ரை'யில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'பெ'யிலும் 'மை'யிலும் அதே கூத்து. டிசைன் செய்கிற மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாமல் வேறு இடத்திலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் இப்படி உடையும் என்று மகள் சொன்னாள். உடைந்ததுகூடப் பரவாயில்லை. அதை அனுப்பியவர், பார்த்தவர், பக்கத்தில் ஏற்றியவர் என்று மூன்று பேர் கையைத் தாண்டி வந்திருக்கிறது. மதுரைக் கடை, மதுரைச் சேலை, மதுரை என்ற பெயரே உடைந்து தொங்குகிறது. நான் போன் பண்ணினால், "சாரி மேடம், அடுத்த போஸ்ட்டில் சரி பண்ணிடுறோம்" என்று பதில். போட்டதை எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

அதைவிடப் பெரிய கூத்து ஆடி மாதத்தில். 'முடிச்சுக்கு முடிச்சு கைவேலை' என்று எழுதி, கீழே ஒரு சேலைப் படம். பளபளக்கிற பட்டில் சிவப்பும் மஞ்சளும், ஓரத்தில் ஜரிகை லேஸ் தைத்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அது ராஜஸ்தான் பாந்தனி. அதுவும் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவதுதான், ஒரு வகையில் சுங்குடிக்குச் சொந்தக்காரி என்றே சொல்லலாம். ஆனால் எங்கள் கடையில் அப்படி ஒரு சேலை இருந்ததே இல்லை. இணையத்தில் எங்கோ கிடைத்த படத்தை எடுத்து ஒட்டிவிட்டார்கள். எங்கள் 40 படங்கள் அவர்கள் கையில் இருக்கும்போதே! நான் பார்ப்பதற்கு முன்னால் எங்களிடம் பல வருஷமாக வாங்குகிற ஒரு அம்மா பார்த்துவிட்டார். கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: 'இது எந்த ஊர்ச் சுங்குடிம்மா?'

அந்த ஒரு வரிக்கு மூன்று நாள் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அச்சை அச்சு என்றும் முடிச்சை முடிச்சு என்றும் சொல்லி விற்கிற கடை என்பதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே பெயர். மாமா அதற்காகவே வாடிக்கையாளரிடம் சேலையைப் பிரித்து, "தடவிப் பாருங்க, முடிச்சு போட்ட இடம் சுருக்கமா மேடா இருக்கும், அச்சுல வழவழன்னு இருக்கும், புள்ளியெல்லாம் ஒரே அளவா இருக்கும்" என்று காட்டுவார். அப்படிப்பட்ட கடையின் பக்கத்தில் வேற்றூர்ச் சேலை. அந்த அம்மாவுக்கு நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். ஏஜென்சியோ அந்தக் கமெண்டுக்கு ஏற்கெனவே பதில் போட்டிருந்தது: 'நன்றி டியர்! மேலும் விவரங்களுக்கு டிஎம் செய்யவும்' (தனியாகச் செய்தி அனுப்பச் சொல்கிறார்கள்), பக்கத்தில் இரண்டு இதயம். அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு டியர்.

கமெண்டுக்குப் பதில் போடுவதும் பேக்கேஜில் அடக்கம் என்று சொன்னேன் அல்லவா. அதன் லட்சணம் இதுதான். ஒருவர், முதல் அலசலிலேயே சாயம் இறங்கி உள்பாவாடை எல்லாம் நீலமாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் நன்றி, இதயம். எனக்குத் தெரிந்திருந்தால், முதல் அலசலைத் தனியாக, கல்லுப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து அலசச் சொல்லியிருப்பேன். இதைக் கடையில் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் வாய் ஓயாமல் சொல்கிறோம். ஆன்லைனில் வாங்கியவருக்கு யார் சொல்வது? 'இது காட்டனா, பாலி கலந்ததா?' என்ற கேள்வி 11 நாள் அப்படியே கிடந்தது. கடைக்கு வந்து ஒருவர் அப்படிக் கேட்டு, நாங்கள் 11 நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

விலை விஷயத்தில் எனக்கும் அவர்களுக்கும் வாக்குவாதமே நடந்தது. எந்தப் பதிவிலும் விலை போடக்கூடாது, 'விலைக்கு டிஎம் செய்யவும்' என்றுதான் போட வேண்டும், அப்போதுதான் 'எங்கேஜ்மென்ட்', அதாவது லைக், கமெண்ட் எண்ணிக்கை, ஏறும் என்றார்கள். கமெண்ட் முழுக்க 'விலை?', 'ரேட் ப்ளீஸ்' என்று வரிசையாக வந்தது உண்மைதான். எண்ணிக்கை ஏறியது. ஆனால் அப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு நாங்கள் விலை அனுப்புவதற்குள் ஆசை போய்விட்டது. சந்தில் நின்றுகொண்டு, "விலையா? பக்கத்தில் வாங்க, காதில் சொல்றேன்" என்று வியாபாரம் செய்தால் சிரிக்க மாட்டார்களா? இப்போது ஒவ்வொரு படத்திலும் விலை, துணி, நீளம், ஜாக்கெட் துணி உண்டா இல்லையா, எல்லாம் போட்டுவிடுகிறேன். கமெண்ட் குறைந்துவிட்டது. ஆர்டர் குறையவில்லை.

நாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஜென்சிகளிடம் ஒரு காலண்டர் இருக்கும்போல. உலகத்தில் உள்ள எல்லாத் தினத்துக்கும் போஸ்டர். ஜூலை 17 உலக எமோஜி தினமாம், எங்கள் சுங்குடிக் கடை சார்பில் வாழ்த்து. அக்டோபரில் உலக முட்டை தினத்துக்கும் போட்டார்கள். நடுவில் ஆகஸ்ட் 7 வந்தது, தேசியக் கைத்தறி தினம். 1905 சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015லிருந்து கொண்டாடுகிறார்கள், முதல் வருஷ விழா நடந்ததே சென்னையில்தான். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் துணி எல்லாமே கைத்தறி என்று சொல்ல மாட்டேன், மில் துணியில் முடிச்சுப் போட்டதும் இருக்கிறது. ஆனாலும் துணிக் கடைக்காரி முட்டைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தறியை மறந்தால் என்ன சொல்வது?

இனி அந்த 10,000. ஆகஸ்ட் கடைசியில் 11,200ஐத் தொட்டது. தம்பி கேக் வாங்கி வந்தார், நாங்களும் வெட்டினோம், படமும் எடுத்துக்கொண்டோம். அப்புறம்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. 800 பேர் இருந்தபோது ஒரு சேலைப் படத்துக்கு 60, 70 லைக் வரும், நாலைந்து பேர் விசாரிப்பார்கள். 11,000 பேர் வந்த பிறகு 30 லைக். விசாரிப்பு, வாரத்துக்கு ஒன்று. மகள் பக்கத்தின் இன்சைட்ஸைத் திறந்து காட்டினாள். ஃபாலோயர்கள் எந்த ஊரிலிருந்து என்று அதில் நகர வாரியாகத் தெரியும். முதல் ஐந்து இடத்தில் மதுரையும் இல்லை, சென்னையும் இல்லை, கோயம்புத்தூரும் இல்லை. எங்கள் வாயில் நுழையாத வெளிநாட்டு ஊர்கள். பெயர்களைத் தொட்டுப் பார்த்தால் முகப்புப் படம் இல்லை, ஒரு பதிவுகூட இல்லை, ஆனால் 6,000 பேரைத் தொடர்கிறார்கள். காசு கொடுத்து ஆள் சேர்த்திருக்கிறார்கள். கூலிக்குக் கூட்டம் சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்தான் நமக்கு, ஆனாலும் அது நம் கடை வாசலில் நடக்கும்போது தெரியவில்லை.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு, அது எனக்கு அப்போது தெரியாது. எந்தப் பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதை, பார்த்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இன்ஸ்டாகிராம் தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள், லைக் போட்டார்களா, இன்னொருவருக்கு அனுப்பினார்களா, இவைதான் முக்கியம் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். நம் பதிவை முதலில் எட்டிப் பார்க்க வேண்டிய கூட்டத்தில் முக்கால்வாசி பொம்மைகள் என்றால் அவை நின்று பார்க்குமா, அக்காவுக்கு அனுப்புமா? உண்மையாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த 800 பேரிடம்கூட எங்கள் சேலை போய்ச் சேராமல் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

சில விஷயங்களை வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுகிறேன். ஒரு பதிவுக்கு 30 ஹேஷ்டேக் அப்போது போட முடியும் என்பதற்காக 30ம் போட்டார்கள், அதில் லண்டன் ஃபேஷனும் அடக்கம். தீபாவளி ரீலுக்குப் புதுப் படப் பாட்டைப் போட்டார்கள், வியாபாரக் கணக்குகளுக்குச் சினிமாப் பாட்டு உரிமை கிடையாது என்பதால் இரண்டே நாளில் ஒலி போய்ச் சேலைகள் ஊமையாக ஆடின. வேறொரு சமயம், சமையல் வீடியோ போடும் ஒரு பெண்ணுக்கு 8,000 ரூபாயும் மூன்று சேலையும் கொடுக்க வைத்தார்கள். அவர் அதைக் கட்டிக்கொண்டு சாம்பார் வைத்தார். சாம்பார் பொடி எது என்றுதான் கீழே எல்லாரும் கேட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்தால் விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021லேயே விதி வகுத்துவிட்டது. அவர் குறிப்பிடவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

அக்டோபரில் இன்னொரு யோசனையோடு வந்தார்கள். கூகுளில் 50 பேரை விட்டு ஐந்து நட்சத்திர ரிவ்யூ எழுத வைக்கிறோம், 4,000 ரூபாய் என்று. அதற்கு மட்டும் நான் முதலிலேயே முடியாது என்று சொன்னேன். பெரிய நேர்மை என்று நினைக்காதீர்கள். இதற்குள் எனக்கு விவரம் தெரிய ஆரம்பித்திருந்தது. இணைய ரிவ்யூக்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் ஒரு தரவரையறையே கொண்டுவந்திருக்கிறது, ஐஎஸ் 19000. அது கட்டாயமா இல்லையா என்பது வேறு. ஒரே வாரத்தில் 50 பேர், ஒருவர்கூடச் சேலையின் நிறத்தைச் சொல்லாமல், 'நைஸ் ஷாப், குட் சர்வீஸ்' என்று எழுதினால் படிக்கிறவர் என்ன கண்ணை மூடிக்கொண்டா படிப்பார்?

நவம்பரோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டேன். முடித்தபோதுதான் நான் செய்த உச்சகட்டத் தவறு தெரிந்தது. ஆரம்பத்தில் 'புரொஃபஷனலா மாத்தணும்' என்று சொல்லி மகள் ஆரம்பித்த பக்கத்தின் பாஸ்வேர்டை வாங்கினார்கள். மின்னஞ்சலையும் போன் எண்ணையும் அவர்களுடையதாக மாற்றியிருக்கிறார்கள். நான் கவனிக்கவே இல்லை. பக்கத்தைத் திருப்பிக் கேட்டால், ஓடிபி போகிற எண் வேலையை விட்டுப் போன ஒரு தம்பியுடையது. அவரைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, மூன்று வாரம். கடைச் சாவியை வேலைக்காரரிடம் கொடுக்கலாம். கடைப் பத்திரத்தை அவர் பெயரில் எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாஸ்வேர்டைக் கொடுக்காமலேயே வெளி ஆளுக்கு வேலை செய்ய மட்டும் அனுமதி கொடுக்கும் வசதி, இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டாவின் பிசினஸ் பக்கத்தில் இருக்கிறது. நான் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

பக்கம் கைக்கு வந்ததும் முதல் வேலை களை எடுப்பு. ஒவ்வொரு பொம்மைப் பெயராகத் தொட்டு நீக்க வேண்டும். ராத்திரி சீரியல் ஓடும்போது அத்தை மடியில் போனை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்து நீக்கினார். சீரியலில் வில்லி வரும்போது வேகம் கூடும். பொங்கல் வரைக்கும் இதே வேலை. இப்போது 2,600 பேர் இருக்கிறார்கள். பக்கத்துச் சந்துக் கடையைப் பார்த்து இப்போதும் பொறாமைதான், ஆனால் வயிறு எரிவதில்லை.

இப்போது நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அதில் நன்றாக வந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்ச் மாதம் கைத்தறி நகரில் ஒரு அக்கா வீட்டுக்குச் சேலை எடுக்கப் போயிருந்தேன். சாயம் காய்ந்த துணி, முடிச்சு பிரிக்காதது, சுருங்கிச் சுருங்கிப் பாகற்காய்த் தோல் மாதிரி இருந்தது. அக்காவும் அவர் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒரே இழுப்பு. நூல் கட்டுகள் படபடவென்று தெறித்து விழ, கத்தரிப்பூ நிறத்துக்கு நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாகத் திறந்தன. ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் நிறம் புகுந்த ஒரு சின்னப் பொட்டு. 38 விநாடி, போனில் எடுத்தேன். பாட்டு இல்லை, அந்தப் படபட சத்தம், பின்னால் குக்கர் விசில், அக்கா "மெதுவாடி, கிழிச்சிராத" என்று அதட்டுவது, அவ்வளவுதான். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். 41,000 பேர் பார்த்தார்கள். அந்த வாரம் மட்டும் முடிச்சுச் சேலை 23 போனது, அதில் 4 மலேசியாவுக்கு. மாதம் 17,700 கொடுத்த ஆறு மாதமும் இந்த அக்கா அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் போய்ப் படம் எடுக்கவில்லை, என்னையும் சேர்த்து.

கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு அடி இருக்கிறது. ஜனவரியில் ஒரு வாடிக்கையாளர் எங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார், 'நல்லா இருக்கா அக்கா?' என்று. நான் சந்தோஷத்தில் அப்படியே பக்கத்தில் போட்டுவிட்டேன். மறுநாள் அழுதுகொண்டு போன் பண்ணினார். வீட்டில் யாரோ பார்த்துப் பெரிய சண்டையாகிவிட்டது. உடனே எடுத்துவிட்டேன், ஆனால் அவர் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. இது முழுக்க என் தப்பு, எந்த ஏஜென்சியும் காரணம் இல்லை.

பயன்படுத்துகிற கருவிகளுக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப் பிசினஸ், 4.5. இலவசம். எங்களுக்கு விற்பனையில் பெரும்பகுதி இதில்தான், இன்ஸ்டாகிராம் வெறும் வாசல். கேட்லாகில் படமும் விலையும் போட்டுவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 20 படம் அனுப்புகிற வேலை மிச்சம். முதல் அலசல் பற்றிய குறிப்பை ஒரு முறை எழுதிச் சேமித்துவைத்து, பார்சல் அனுப்பும்போது ஒரே தட்டில் அனுப்பிவிடுகிறேன். ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் கடைப் பையில், 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று அச்சடித்துவிட்டோம். வாரம் ஒரு முறைக்கு மேல் அனுப்புவதில்லை. முதல் மாதம் தினமும் அனுப்பி நாற்பது பேர் பிளாக் செய்ததுதான் இந்த ஞானத்துக்குக் காரணம்.

கூகுள் மேப்பில் கடைப் பக்கம், 4. அதுவும் இலவசம். கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் 'சுங்குடி' என்று தேடித்தான் சந்துக்குள் வருகிறார்கள். மேப்பில் எங்கள் கடையைக் காட்டும் குறி பல வருஷமாக அடுத்த சந்தில் நின்றிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. சரி செய்த அந்த மாதமே வித்தியாசம் தெரிந்தது. கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள், வாசல் படம் மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும். போஸ்டர் செய்யும் செயலி கேன்வா, 4. தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது, எங்களுக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் போஸ்டர் போடுவதையே ரொம்பக் குறைத்துவிட்டேன். நம் பக்கத்துக்கு வருகிறவர்கள் சேலையையும் அதைக் கட்டுகிற கைகளையும் பார்க்க வருகிறார்கள். தங்க நிற எழுத்தில் எழுதிய வாழ்த்தைப் பார்க்க யாரும் வருவதில்லை.

நேரமே இல்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்கிறவர்களும் இருப்பார்கள். கொடுங்கள். ஆனால் எத்தனை ஃபாலோயர் வரும் என்று அவர்கள் பேச ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இதுவரை பார்த்த கடைகளில் எத்தனை விசாரிப்பு வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். பக்கம் உங்கள் எண்ணிலும் உங்கள் மின்னஞ்சலிலும் மட்டும் இருக்கட்டும். உங்கள் கண்ணில் படாமல் ஒரு எழுத்துகூட ஏறக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கமெண்டுக்குப் பதில் போடும் வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இப்போது அத்தைதான் பதில் சொல்கிறார், குரலில் பேசி எழுத்தாக்கி. 'பாலி கலக்கலம்மா, சுத்தக் காட்டன், ஆனா கஞ்சி போட்டாத்தான் நிக்கும்' என்று அவர் எழுதிய பதிலுக்கு மட்டும் 90 லைக். சேலைக்குக்கூட அவ்வளவு வரவில்லை.

அந்த ஏஜென்சியிடம் மறுபடியும் போவேனா என்றால், மாட்டேன். அந்த போட்டோகிராஃபர் மட்டும் இப்போது தனியாக வேலை செய்கிறார், நாளுக்கு 3,500 வாங்குகிறார். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். காலை ஆறரைக்கெல்லாம் மாடிக்கு வந்துவிடுவாராம். அத்தை 30 சேலையை ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் விலையை எழுதிக் குண்டூசியில் குத்தி வைத்துவிட்டார்.